விளக்குக்கு விடிந்த இரவு

எங்கள் ஒழுங்கை உப்புவெளிக் கடற்கரை மணலில் போய் முடிகிறது. முடிகிற இடத்தில் ஒரு வீதி விளக்கு நிற்கிறது. அதை அங்கே நிறுத்தியவன் நான். கையால் அல்ல, கடிதத்தால். அந்த விளக்குக்கு அப்பால் கரையில் இழுத்து வைத்த தோணிகளும் ஒரு மீன்வாடியும் கடலும்தான் இருக்கின்றன. அங்கே வெளிச்சம் வேண்டும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒன்று தோன்றிவிட்டால், அது கோவையாகி, பிரதியாகி, நினைவூட்டலாகி, கடைசியில் ஒரு லொறியில் வந்து இறங்காமல் ஓயாது.

விளக்கு என் மனைவிக்காக. அவள் நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஓய்வுக்குப் பிறகுதான் கண் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. முதலில், மாலையானால் படி தெரியவில்லை என்றாள். பிறகு ஒரு நாள் தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்காமல் மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள். விழித்திரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பட்டுக்கொண்டு வருகிறது என்று கண் மருத்துவர் விளக்கினார். இருட்டில் ஒன்றுமே தெரியாது. வெளிச்சத்திலும் நேர் எதிரே ஒரு சிறு வட்டம் மட்டும் தெரியும், குழாய்க்குள்ளால் பார்ப்பது போல. ஆனால் அந்த வட்டத்துக்குள் அவளுடைய பார்வை என்னுடையதைவிடக் கூர்மையானது. பத்திரிகையின் மரண அறிவித்தல்களில் உள்ள எழுத்துப் பிழைகளை இன்றைக்கும் அவள்தான் கண்டுபிடிக்கிறாள்.

நாங்கள் இருவரும் பின்னேரத்தில் கடற்கரைக்கு நடப்பவர்கள். ஒரு நாள் திரும்பி வரும்போது பொழுது பட்டுவிட்டது. தோணி கட்டிய கயிற்றில் தடக்கி விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. அடுத்த நாள் காலை நான் முதல் கடிதத்தை எழுதினேன்.

பழைய வீதி விளக்குகளுக்குத் தூணில் ஆளி இருக்கும். பொழுது பட்டதும் பக்கத்து வீட்டார் எவராவது ஒரு தடியால் தட்டிப் போட வேண்டும். எவராவது என்றால் எவரும் இல்லை என்று பொருள். உத்தியோகம் எனக்குக் கற்றுத் தந்தவற்றில் உருப்படியானது இது. ஆகவே, தானாக எரிந்து தானாக அணையும் வகைதான் வேண்டும் என்று கடிதத்தில் வலியுறுத்தியிருந்தேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கண் வைத்த விளக்கு வந்தது. இருண்டால் எரியும், விடிந்தால் அணையும், எவருடைய கையும் எட்டாது. ஒழுங்கை கலியாண வீடு போல வெளித்தது. மனைவி கயிறுகளைப் பார்த்துத் தாண்டி நடந்தாள். நான் கோவையைத் திருப்தியோடு மூடினேன்.

அதற்கு அடுத்த மாரியில் ஒரு நாள் கண் கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அன்று மருத்துவர் வழக்கத்தைவிட மெதுவாகக் கதைத்திருந்தார். நடுவில் மிஞ்சியிருக்கும் வட்டமும் சுருங்குகிறதாம். அடுத்த மாரி வரைக்கும் நிற்குமா என்று கேட்டேன். அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார். அந்தப் பதிலை என் மேசைக்கு முன்னால் நின்ற பலருக்கு நானும் கொடுத்திருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

பஸ் பாலத்தைத் தாண்டியதும்,

"இஞ்சேருங்கோ, நான் நட்சத்திரம் பாத்து எவ்வளவு காலம் இருக்கும்?" என்றாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் பாத்ததே இல்லை."

"அது தெரியும். நீங்கள் தலையை நிமித்திப் பாத்தது மேலதிகாரியைத் தான்."

அவள் தொடர்ந்தாள்: "எனக்குக் கார்த்திகைக் கூட்டத்தை ஒருக்காப் பாக்க வேணும். வானத்தைப் பாத்தா எனக்கு வெறும் கறுப்பு. ஆனால் வெளிச்சமான ஸ்கிரீனிலை படமா வந்தா என்ரை வட்டத்துக்குள்ளை பிடிச்சிடுவன். நீங்கள் படம் எடுத்துத் தாங்கோ."

"போனிலை தேடினா ஆயிரம் படம் வருமே."

"அது ஆரோ எங்கையோ எடுத்தது. எனக்கு எங்கடை கடற்கரைக்கு மேலை நிக்கிறது வேணும்."

கார்த்திகைக் கூட்டத்தில் அவளுக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. சிறு வயதில் அவளுடைய அண்ணன்மார் இருவரும் அதில் ஆறு நட்சத்திரம் என்று எண்ணுவார்களாம். அவளுக்கு மட்டும் ஏழு தெரியும். ஓரத்தில் சின்னதாக ஒன்று. ஒருவரும் நம்பவில்லை. 'ஏழுக்காரி' என்று அவளுக்குப் பட்டமே வைத்தார்கள். விஞ்ஞான ஆசிரியையாகி, அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கில் நட்சத்திரங்கள் இருக்கின்றன என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிய பிறகும், அந்த ஏழாவதை அவள் விடவில்லை. கண் நல்லாயிருந்த காலத்தில் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. சோதனை விடைத்தாள்கள், பிள்ளைகள், குசினி. நேரம் வந்தபோது கண் போய்விட்டது.

ஆகவே இந்த மாரிக்குள் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்த மாரியை நம்பி ஒத்திவைக்கக்கூடிய விடயம் இல்லை. என் வாழ்க்கையில் ஒத்திவைக்க முடியாமல் என்னிடம் வந்த ஒரே கோவை இதுதான் என்று நினைக்கிறேன்.

நகரத்தில் கலியாணப் படம் எடுக்கும் ஒருவர் புதுக் கமரா வாங்கியதால் பழையதை விற்றார். அதுவரை மணப்பெண்களை மட்டுமே பார்த்த கமரா. மூன்று கால் ஸ்டாண்டையும் சேர்த்துக் கொடுத்தார். கையேட்டை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை வாசித்தேன். அதில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்கியங்களைக் கண்டுபிடித்தேன். தயாரிப்பாளருக்கு எழுதலாம் என்றபோது மனைவி என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

இந்தக் கரையில் மாரிக்கு ஒரு நியாயம் உண்டு. வானம் மூடிக் கிடக்கும் மாதங்களில் கடலும் கொந்தளிக்கும், தோணிகள் போகாது. கடலில் ஒரு வெளிச்சமும் இராது, நல்ல இருட்டு, ஆனால் நட்சத்திரம் இல்லை. வானம் திறந்து கடல் அடங்கியதும் கணவாய் மீன் பிடிக்கப் போகிறவர்கள் லைட்டுகளைக் கொளுத்திக்கொண்டு தொடுவானத்தில் ஒரு நகரத்தையே கட்டிவிடுவார்கள். நட்சத்திரம் இருக்கும், இருட்டு இராது. இரண்டுக்கும் நடுவே, தை மாதத்தில், மழை விட்டும் கடல் இன்னும் முறுகிக்கொண்டிருக்கும் சில இரவுகள் கிடைக்கும். அதிலும் நிலவு இல்லாத இரவு வேண்டும். ஆக எங்களுக்குக் கிடைத்தது தை அமாவாசையை ஒட்டிய இரண்டு மூன்று முன்னிரவுகள்.

அதற்கு முன்னால், மார்கழியில் மேகம் சற்று விலகிய ஒரு நாளில், முற்றத்தில் நின்று ஒத்திகை பார்த்தேன். கமராவின் வில்லையில் உள்ள வளையத்தில், முடிவற்ற தூரம் என்பதற்கு ஒரு குறி போட்டிருக்கிறார்கள். நட்சத்திரம் முடிவற்ற தூரத்தில் இருக்கிறது. வளையத்தைக் குறிக்கு நேரே வைத்தேன். தயாரித்தவர்களே போட்ட குறிக்கு மேலே வேறு அதிகாரம் எது?

படத்தை மனைவியிடம் காட்டினேன். கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போய் இடம் வலமாக நகர்த்திப் பார்த்தாள்.

"இது நட்சத்திரம் இல்லை."

"பின்னை?"

"சவ்வரிசி. பொங்கலுக்குப் பாயாசம் காய்ச்சலாம்."

ஒவ்வொரு நட்சத்திரமும் வெந்து பருத்துப் போயிருந்தது உண்மைதான். அந்தக் குறி ஏறக்குறையத்தான் சரி, உண்மையான இடம் அதற்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கும், பார்த்துத்தான் பிடிக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். சவ்வரிசியைவிடப் பெரிய குறை இன்னொன்று இருந்தது. படத்தின் பாதி வெள்ளையாக வெளிறிக் கிடந்தது. நான் கொண்டு வந்த விளக்கு. கடற்கரை முனையில் நின்று எங்கள் முற்றம் வரைக்கும் வானத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. கடற்கரையில் போய் நின்றால் அதன் காலடியிலேயே நிற்க வேண்டும்.

இருட்டில் கடற்கரையில் கமரா வைப்பதென்றால், பொலிஸ் போன்ற உரிய இடங்களில் அறிவித்து வைப்பது துறைமுக ஊரில் வழக்கம். அதைச் செய்தேன். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். வானத்தை என்றேன். வானம் எவருடைய பிரிவில் வருகிறது என்று சற்று நேரம் யோசித்துவிட்டு, சரி போங்கோ என்றார்கள். அடுத்து, விளக்கை ஓர் இரவுக்கு அணைத்துத் தருமாறு கேட்பதற்குப் பிரதேச சபை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுதுநர் ஒரு பெண், சிரித்த முகம்.

"ஐயா, லைட் பத்தேல்லை எண்டு முறைப்பாடு எழுதலாம். புது லைட் கேட்டு எழுதலாம். பத்துற லைட்டை நிப்பாட்டச் சொல்லி எழுத எங்களிட்டை வழி இல்லை."

"ஒரு இரவுக்குத் தான் பிள்ளை."

"ஒரு இரவுக்கும் வழி இல்லை ஐயா." அவள் அலுமாரியைத் திறந்து ஒரு கோவையை எடுத்தாள். "அதோடை இந்த லைட்டுக்கு எழுதின ஆளை உங்களுக்குத் தெரியாது. நினைவூட்டல் மட்டும் இவ்வளவு." விரல்களால் தடிப்பைக் காட்டினாள். "முதியோர் பாதுகாப்பு எண்டு போட்டிருக்கிறார். பெண்கள் பாதுகாப்பு எண்டு போட்டிருக்கிறார். நாங்கள் லைட்டை நிப்பாட்டினா அந்த மனுசன் சும்மா விடுவாரே?"

"விடமாட்டார்," என்றேன்.

"ஓம். அதுதான் எனக்கும் பயம்," என்றாள், என் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் முற்றத்துக் கதிரையில் இருந்து மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தார். அவர் கடற்றொழிலாளி. ஐம்பதைத் தாண்டியவர். மாரியில் தொழில் இல்லாததால் எல்லோருடைய விடயங்களிலும் அக்கறை எடுப்பார். அவருடைய மகள்மார் மூவரும் என் மனைவியிடம் படித்தவர்கள். அந்தப் பாத்தியதையில் அவருக்கும் அவள் டீச்சர்தான்.

"போன காரியம் என்ன மாதிரி ஐயா?"

சொன்னேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"உதுக்கு ஏன் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கிறியள்? ஒரு கல்லுத் தாங்கோ. ரெண்டாவது கல்லுக்கு வேலை இராது."

"அது பொதுச் சொத்து."

"அப்ப இருட்டு ஆரின்ரை சொத்து?"

"அதுக்கு இன்னும் ஒருவரும் விண்ணப்பிக்கேல்லை."

"சாக்கைப் போட்டு மூடுவமோ?"

"ஏறுறது ஆர்? பக்கத்திலை கரண்ட் கம்பி. நீங்கள் ஏறி விழுந்தா அதுக்கு நான் விசாரணைக்குப் போக வேணும்."

"பாத்தியளே டீச்சர், நான் விழுறதைப் பற்றி ஐயாவுக்குக் கவலை இல்லை. விசாரணையைப் பற்றித் தான் கவலை."

மனைவி அதுவரை பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "அந்த லைட் காலமையிலை ஏன் அணையுது?"

குரல் மாறியிருந்தது. வகுப்பறைக் குரல். நாங்கள் இருவரும் கதிரையில் நிமிர்ந்து இருந்தோம்.

"விடியிறதாலை டீச்சர்," என்றார் அவர்.

"விடிஞ்சது அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"மேலை ஒரு கண் கிடக்கெல்லே. அதாலை பாக்குது."

"அப்ப அதின்ரை கண்ணுக்கு விடிய வையுங்கோ," என்று சொல்லி, அடுத்த காயை எடுத்தாள்.

எங்களுக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. புரிந்ததும் அவர் எழும்பி வீட்டுக்கு ஓடினார். திரும்பி வரும்போது நீளமான ஒரு மூங்கில் தடியும், இருட்டில் வலை இழுக்கும்போது நெற்றியில் கட்டும் ரோச்சும், வெறும் பால்மா டின் ஒன்றும் அவர் கையில் இருந்தன. ரோச்சை டின்னுக்குள் வைத்துத் தடியின் நுனியில் கட்டுவது, டின்னின் வாயை விளக்கின் கண்மேல் கவிழ்ப்பது, வெளிச்சம் அந்தக் கண்ணைத் தவிர வேறெங்கும் சிந்தாது. நான் விதிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். விளக்கைத் தொடவில்லை. கம்பியைத் தொடவில்லை. ஒரு ரோச்சை மேலே தூக்கிப் பிடிக்கிறோம். தடுக்கும் பிரிவு எதுவும் இல்லை.

அமாவாசை அன்று பகல் முழுவதும் காற்று. பின்னேரம் மேகம் கிழிந்து, பொழுது படும்போது வானம் கழுவின பீங்கான் போல இருந்தது. விரதச் சோறு சாப்பிட்டுவிட்டு நாங்கள் புறப்பட்டோம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மனைவி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். விளக்கின் வெளிச்சத்திலேயே நடந்து தோணிகளைத் தாண்டி, ஸ்டாண்டை மணலில் ஊன்றி, கமராவைப் பூட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் தூணடியில், பெருநாளுக்குக் கொடி பிடிக்கிறவர் மாதிரித் தடியை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"விடிய வைக்கட்டோ ஐயா?"

"வையுங்கோ."

டின் விளக்கின் உச்சியில் போய் இருந்தது. சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளக்கு, தன் கடமை முடிந்தது என்ற நிம்மதியோடு அணைந்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கமரா எங்கே, கடல் எங்கே, என் கை எங்கே என்று தெரியவில்லை. ஓரடி எடுத்து வைத்தேன்.

"அசையாதேங்கோ," என்று மனைவியின் கை என் முழங்கையைப் பிடித்தது. "இடக்கைப் பக்கம் கயிறு கிடக்கு. நான் விழுந்த கயிறு. ரெண்டடி வலக்கைப் பக்கமா வாங்கோ."

வந்தேன்.

"இப்பத் தெரியுதோ, பொழுது பட்டா நான் எப்பிடி நடக்கிறனெண்டு?"

தெரிந்தது என்று சொன்னேன். மெல்ல மெல்ல எனக்கு மட்டும் இருட்டு இளகியது. ஒன்று, பிறகு சில, பிறகு எங்கே பார்த்தாலும். இந்தக் கரையில் இத்தனை காலம் இருந்தும் இது தலைக்கு மேல் நின்றது எனக்குத் தெரியாது. என்னை அறியாமல், "அடடா, எவ்வளவு..." என்று தொடங்கிவிட்டேன். தொடங்கிய வாயை மூடினேன். பக்கத்தில் நிற்பவளுக்கு அது வெறும் கறுப்பு.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்? சொல்லுங்கோ."

"எனக்கு வர்ணிக்கத் தெரியாது."

"ஆர் வர்ணிக்கச் சொன்னது? அறிக்கை மாதிரிச் சொல்லுங்கோ. அது நல்லா வரும்."

அறிக்கை கொடுத்தேன். தெற்கே, கடலுக்குள் நீண்டிருக்கும் கோயில் பாறைக்கு மேலே, உயரம் அதிகமில்லாமல், வெள்ளையாக, தனியாக ஒன்று. "அது அகத்திய நட்சத்திரம்," என்றாள். கிழக்கே மேலே, ஒரே வரியில், ஒன்றுக்கொன்று சம இடைவெளியோடு மூன்று. "வேட்டைக்காரன்ரை இடுப்புப் பட்டி." அந்த வரியைக் கீழே நீட்டினால், எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக ஒன்று, ஒரு நிலையில் நில்லாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. "சிரியஸ். அதிலை கமராவைத் திருப்புங்கோ."

சவ்வரிசிக்கு அவள் கண்டுபிடித்த மாற்று வழி இதுதான். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைக் கமராவின் பின்பக்கத் திரையில் பெருப்பித்து வைத்துக்கொண்டு, அது புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். திரையில் மங்கலாக ஒரு வெள்ளை உருண்டை தெரிந்தது. மூக்குக்கண்ணாடியோடும் பார்த்தேன், இல்லாமலும் பார்த்தேன். எனக்கு உருண்டை உருண்டையாகத்தான் இருந்தது.

"விலகுங்கோ," என்றாள்.

குனிந்து திரைக்குக் கிட்ட முகத்தை வைத்தாள். அவளுடைய வட்டத்துக்கும் அந்தத் திரைக்கும் அளவு சரியாக இருந்தது போலும். என் கையை எடுத்து வளையத்தின் மேல் வைத்தாள். "திருப்புங்கோ. மெதுவா. இன்னும். கூடிப் போச்சு, திரும்ப வாங்கோ. ஒரு சொட்டு."

பிறகு என் கையை வளையத்தின் மேல் அப்படியே அழுத்திப் பிடித்தாள்.

"சரியோ?" என்றேன்.

திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது.

"நிறம் மாறுது," என்றாள் கடைசியில். "பச்சையாப் போய், சிவப்பாகி, திரும்ப வெள்ளையா வருது. இது படம் இல்லையே? இப்ப மேலை நிக்கிறது தானே இது?"

"இப்ப நிக்கிறது தான்."

படத்துக்காகத்தான் வந்தோம். ஒரு நட்சத்திரத்தை அது நிற்கும்போதே அவள் பார்ப்பாள் என்று நாங்கள் இருவரும் நினைக்கவில்லை. நான் நினைக்காததற்குக் காரணம் உண்டு. கையேட்டில் அப்படி ஒரு பயன் குறிப்பிடப்படவில்லை.

"நகர்ந்து போகுது," என்றாள். நட்சத்திரம் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஸ்டாண்ட் ஆடுதாக்கும்."

"ஸ்டாண்ட் இல்லை. பூமி சுத்துது." அவள் சிரித்தாள். "எத்தினை வகுப்புக்குப் படிப்பிச்சிருப்பன். இண்டைக்குத் தான் கண்ணாலை காணுறன்."

தூணடியிலிருந்து குரல் வந்தது. "டீச்சர், நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ. ஆனால் என்ரை கைக்கு இப்ப நடுச்சாமம்!"

வளையம் அசையாமல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினேன். கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய உச்சியில் நின்றது. கமராவை வானத்தைப் பார்த்து மல்லாத்தி, நான் மணலில் முழங்காலில் நின்று படம் எடுத்தேன். சட்டர் திறந்து மூடும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். மூச்சுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை என்பது இருவருக்கும் தெரியும். பிறகு கமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, படத்தைப் பெருப்பித்து அவள் கையில் கொடுத்தேன்.

முகத்துக்கு நேரே பிடித்து நகர்த்தினாள். தவறவிட்டாள், திரும்ப வந்தாள், பிடித்துக்கொண்டாள். உரக்க எண்ணினாள். ஆறு வரைக்கும் ஒரு வேகத்தில் வந்தாள். ஆறில் நின்றாள்.

"ஏழு," என்றாள். "இந்தா, ஓரத்திலை. பெரிசுக்குக் கிட்ட ஒட்டிக்கொண்டு. நான் சொன்ன இடத்திலையே நிக்குது."

"கூடவும் இருக்குமே?" எனக்கே அதில் பன்னிரண்டு பதின்மூன்று புள்ளிகள் தெரிந்தன.

"கிடக்கட்டும். மிச்சம் கமரா கண்டுபிடிச்சது. ஏழாவது நான் கண்டது." சற்றுப் பொறுத்து, "அண்ணையவை இருந்திருந்தா இப்பவே போன் எடுத்திருப்பன்," என்றாள். அண்ணன்மார் இருவரும் காலமாகிவிட்டார்கள். வழக்கில் வென்றவள், தீர்ப்பைக் கேட்க எதிராளி இல்லாமல், கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அகத்தியத்தையும் எடுங்கோ என்றாள். கமராவைத் தெற்கே பாறைப் பக்கம் திருப்பிப் பூட்டினேன். இந்த முறை சட்டர் சற்று அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். நான் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். மனைவி கால் நனைக்கப் போய்விட்டாள் என்பதை நான் கவனிக்கவில்லை. நேரம் முடியும் தறுவாயில் தூணடியில் பெரிதாக ஒரு தும்மல் கேட்டது. தொடர்ந்து டின் உருளும் சத்தம். விளக்கு, கடமை தவறிவிட்ட பதற்றத்தோடு பளிச்சென்று எரிந்தது. அதே கணத்தில் சட்டர் மூடிற்று.

"என்ன, விடிஞ்சு போச்சோ?" என்று கடலோரத்திலிருந்து மனைவி கேட்டாள்.

"இல்லை டீச்சர், திரும்ப இருண்டிட்டுது! பனி மூக்குக்குள்ளை போட்டுது, மன்னிச்சுக் கொள்ளுங்கோ!"

ரோச்சின் கண்ணாடி உடைந்துவிட்டது. அன்றைய வேலை அதோடு முடிந்தது. கடைசிப் படம் கெட்டுப்போயிருக்கும் என்று நான் பார்க்கவும் இல்லை. மூவரும் வெளிச்சத்தில், கயிறுகளைத் தாண்டி வீட்டுக்கு வந்து கோப்பி குடித்தோம். அவர் தன் தும்மலை மூன்று விதமாக நடித்துக் காட்டினார்.

அடுத்த நாள் காலை படங்களைத் தொலைக்காட்சித் திரையில் போட்டேன். கடைசிப் படத்தை அழிக்கலாம் என்று விரல் வைத்தபோது, "பொறுங்கோ, அதையும் பாப்பம்," என்றாள். திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, மேல் மூலையிலிருந்து தொடங்கினாள். அவளுக்கு ஒரு படத்தை மொத்தமாகப் பார்க்க முடியாது. ஊருக்குள் நடந்து போவது போல வீடு வீடாகத்தான் போக வேண்டும். சிரியஸில் சற்று நின்றாள். அங்கிருந்து அகத்தியத்துக்கு இறங்கினாள். அகத்தியத்திலிருந்து பாறைக்கு, கோயில் வெளிச்சங்களுக்கு, கடலுக்கு. கடல் முடியும் இடத்தில் நின்றுவிட்டாள்.

"ஆர் இது?"

விளக்கு கடைசிக் கணத்தில் எரிந்ததில், நட்சத்திரங்கள் அப்படியே இருக்க, அவற்றின் கீழே கரையோரம் மட்டும் வெளிச்சமாகியிருந்தது. தோளை மூடிய சேலைத் தலைப்பும் நரைத்த கொண்டையுமாக ஒரு மனுசி, எங்களுக்கு முதுகு காட்டி, தண்ணீரில் கால் வைத்து நின்றாள். தலை நிமிர்ந்திருந்தது.

"ஆரெண்டு நினைக்கிறீர்?" என்றேன்.

வெகுநேரம் பார்த்தாள். "சேலை என்ரை தான்," என்றாள்.

"வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர். என்னத்தைப் பாத்தனீர்?"

"என்னத்தைப் பாக்கிறது, கறுப்புத் தான்." கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தாள். "நீங்கள் தந்த அறிக்கையை வைச்சு, எது எது எங்கை நிக்குமெண்டு பாத்தனான்."

அவள் குசினிக்குப் போன பிறகு, நான் கோடு போடும் அடிமட்டம் ஒன்றை எடுத்துத் திரையில் வைத்தேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் அறிக்கைகளைச் சரிபார்த்த பழக்கம். கொண்டையிலிருந்து, நிமிர்ந்த தலையின் போக்கில், மேலே பிடித்துக்கொண்டு போனேன். பாறையைத் தாண்டி, கோயில் வெளிச்சத்தைத் தாண்டி, அடிமட்டத்தின் ஓரம் அகத்தியத்தில் போய் நின்றது.